நான்கு கூறும் ஒரு கணினியும்: மருத்துவக் கணினியின் வரலாற்றில் மானிடவியலின் இடம்

முன்னுரை

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் ‘மருந்து’. அதன் இறுதிக் குறள், மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுத்துச் சொல்கிறது: நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து பணிபுரிபவர். ஆசிரியப் பெருமக்கள் வகுப்பில் பலமுறை விளக்கிய குறள் இது. மாணவர்கள் தேர்வுக்காக மனனம் செய்த குறளுமாகும். இந்த நான்கில் மூன்று மனிதர்களைக் குறிப்பவை, ஒன்று மட்டுமே பொருளைக் குறிப்பது என்பதைத் தொடக்கத்திலேயே நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

கணினி மருத்துவத்துக்குள் நுழைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. மருத்துவமும் கணினியியலும் எளிதில் கைகோத்தன. ஒன்றிடம் விடை தேடும் சிக்கல்கள் இருந்தன. மற்றொன்றிடம் விரைந்து கணிக்கும் ஆற்றல் இருந்தது. இவ்விரண்டோடும் மூன்றாவதாக வந்து சேர்ந்த துறை மானிடவியல். மக்களோடு தங்கி, அவர்கள் செய்வதைப் பார்த்து, சொல்வதைக் கேட்டு, சொல்லாமல் விடுவதையும் குறித்துக்கொள்ளும் கல்வி அது. தொலைதூரத் தீவுகளிலும் மலைக்கிராமங்களிலும் பயின்ற அந்தக் கல்வி, கணினி ஆய்வுக்கூடத்துக்குள் வந்தபோது அதற்குப் பெரிய வரவேற்பு இருக்கவில்லை. ஆயினும் அது கேட்ட கேள்விகள் இன்றும் நிலைத்து நிற்கின்றன.

அந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்வதே இவ்வுரையின் நோக்கம். இதன் கருத்து ஒன்றே. மருத்துவக் கணினி முதலில் மருந்தையும் மருத்துவரையும் மட்டுமே கற்றுக்கொண்டது. நோயுற்றவரையும் உடனிருப்பவரையும் அதற்கு நினைவூட்ட வேண்டியிருந்தது. அந்த நினைவூட்டலை மானிடவியலின் கண் செய்தது.

1. விதிகளாக மாறிய மருத்துவர்

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1965ஆம் ஆண்டு ‘டென்ட்ரல்’ என்னும் கணினித் திட்டம் தொடங்கியது. கணினியியலர் எட்வர்ட் ஃபைகன்பாமும் 1958இல் நோபல் பரிசு பெற்ற உயிரியலர் ஜோஷுவா லெடர்பர்க்கும் அதன் முன்னோடிகள். ஒரு வேதிப்பொருளின் மூலக்கூறு அமைப்பை ஊகித்து அறிவது அதன் பணி. அத்திட்டம் ஒரு பாடத்தைக் கற்பித்தது. கணினியைத் திறமையுடையதாக்க, பொதுவான தருக்க அறிவு போதாது. குறிப்பிட்ட துறையின் நுண்ணிய அறிவை அதற்கு ஊட்ட வேண்டும். அவ்வறிவு வல்லுநர்களிடம் இருக்கிறது. ஆகவே வல்லுநரிடம் கேட்டு, கேட்டதை விதிகளாக எழுதிக் கணினிக்குத் தர வேண்டும். இவ்வகைத் திட்டங்களுக்கு ‘வல்லுநர் அமைப்பு’ என்று பெயர் வந்தது. கேட்டு எழுதும் பணி ‘அறிவுப் பொறியியல்’ எனப்பட்டது.

இந்த வழியில் மருத்துவத்துக்கென எழுந்த புகழ்பெற்ற அமைப்பு ‘மைசின்’. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் பலவற்றின் பெயர் ‘மைசின்’ என்று முடிவதால் அதற்கு அப்பெயர் அமைந்தது. மருத்துவம் பயின்றுகொண்டே கணினியியலிலும் ஆய்வு செய்த எட்வர்ட் ஷார்ட்லிஃப், 1970களின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டில் இதை உருவாக்கினார். புரூஸ் புக்கானன், ஸ்டான்லி கோஹன் ஆகியோர் அவருக்கு வழிகாட்டினர். இரத்தத்தில் பரவும் தொற்று, மூளையுறைத் தொற்று ஆகியவற்றுக்குக் காரணமான நுண்ணுயிரை ஊகித்து, தக்க மருந்தையும் அதன் அளவையும் பரிந்துரைப்பது மைசினின் வேலை.

மைசினின் அறிவு ஏறத்தாழ 500 விதிகளாக அமைந்திருந்தது. ஒவ்வொரு விதியும் ‘இன்னின்ன உண்மையானால், இன்னது என்று கொள்க’ என்ற வடிவிலானது. எடுத்துக்காட்டாக, தொற்று இரத்தத்தில் இருக்கிறது. மாதிரி எடுத்த இடம் இயல்பாகவே நுண்ணுயிர் இல்லாதது. நுண்ணுயிர் செரிமானப் பாதை வழியே நுழைந்திருக்கலாம். இம்மூன்றும் பொருந்தினால், அந்த நுண்ணுயிர் ‘பாக்டீராய்ட்ஸ்’ வகையாக இருப்பதற்கு 0.7 அளவு சான்று உண்டு என்று ஒரு விதி கூறும். மருத்துவரின் ஐயத்தையும் உறுதியையும் இவ்வாறு எண்ணாக மாற்றியது ஒரு புதுமை. ‘ஏன் இதைக் கேட்கிறாய்?’ என்று மருத்துவர் வினவினால், தான் பின்பற்றும் விதியை எடுத்துக்காட்டி மைசின் விளக்கமும் தரும்.

1979இல் அதன் திறன் ஆய்ந்து வெளியிடப்பட்டது. மூளையுறைத் தொற்றுக்கு ஆளான 10 நோயாளிகளின் விவரங்கள் மைசினுக்கும் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்களுக்கும் தரப்பட்டன. எந்தப் பரிந்துரை யாருடையது என்று தெரியாமல், வெளியிலிருந்து வந்த 8 வல்லுநர்கள் மதிப்பிட்டனர். மைசினின் பரிந்துரைகளுள் 65 விழுக்காடு ஏற்கத்தக்கவை என்று கணிக்கப்பட்டன. தொற்றுநோய்த் துறைப் பேராசிரியர்கள் பெற்ற மதிப்பு 42.5 முதல் 62.5 விழுக்காடு வரை இருந்தது. கணினி பேராசிரியர்களை விஞ்சியது.

ஆயினும், மருத்துவமனைப் படுக்கையின் அருகில் மைசின் ஒருநாளும் அன்றாடப் பணி செய்யவில்லை. மருத்துவர் தனியாக ஒரு முனையத்தின் முன் அமர்ந்து, நோயாளியைப் பற்றிய விவரங்களை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. ஓர் உரையாடல் முடிய அரைமணி நேரம் வரை ஆகும். பிழை நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்ற வினாவும் தொக்கி நின்றது. அறிவு இருந்தது, அவ்வறிவு வாழ வேண்டிய இடம் எப்படிப்பட்டது என்பதை எவரும் முன்கூட்டிப் போய்ப் பார்க்கவில்லை.

இங்கிலாந்திலும் இதே காலத்தில் ஒரு முயற்சி நடந்தது. லீட்ஸ் நகரில் டி டொம்பால் என்ற அறுவை மருத்துவரும் அவர் குழுவினரும் கடும் வயிற்றுவலிக்குக் காரணம் காணும் கணினி முறையை அமைத்தனர். 1972இல் வெளியான அவர்களின் ஆய்வில், 304 நோயாளிகளிடம் கணினியின் கணிப்பு 91.8 விழுக்காடு சரியாக அமைந்தது. மூத்த மருத்துவரின் கணிப்பு 79.6 விழுக்காடு. ஆனால் அதே முறையை டென்மார்க்கின் கோபன்ஹேகனுக்குக் கொண்டு சென்றபோது அதன் துல்லியம் வெகுவாகக் குறைந்தது. வயிறு எல்லா நாட்டிலும் வயிறுதான். ஆனால் எந்த நோய் எங்கு மிகுதி, எப்போது ஒருவர் மருத்துவரிடம் வருகிறார், மருத்துவர் ஓர் அறிகுறியை எப்படிப் பெயரிட்டுக் குறிக்கிறார் என்பவை ஊருக்கு ஊர் மாறுகின்றன.

2. நோயும் நோவும்

கணினியியலர் விதிகளை எழுதிக்கொண்டிருந்த காலத்தில், மருத்துவத்துக்குள்ளேயே வேறொரு குரல் எழுந்தது. ஆர்தர் கிளைன்மன் என்பவர் மனநல மருத்துவர், மானிடவியலும் கற்றவர். தைவானில் களப்பணி செய்த அவர், ஒரே நோயாளி மேலை மருத்துவரையும் சீன மருத்துவரையும் கோயில் பூசாரியையும் மாறி மாறி நாடுவதைக் கண்டார். அந்த ஆய்வின் பயனாக 1980இல் அவருடைய நூல் வெளியானது.

கிளைன்மன் இரண்டு சொற்களை வேறுபடுத்தினார். மருத்துவர் உடலில் காணும் கோளாறு ஒன்று. அதை நோயாளி தம் வாழ்வில் படும் பாடு மற்றொன்று. தமிழில் முன்னதை ‘நோய்’ என்றும் பின்னதை ‘நோவு’ என்றும் கொள்ளலாம். நோயைக் கருவி அளக்கும். நோவை நோயாளி சொன்னால்தான் தெரியும்.

நோவை அறிய, மருத்துவர் கேட்கத்தக்க கேள்விகளையும் கிளைன்மனும் அவருடன் பணியாற்றியோரும் 1978இல் தொகுத்தளித்தனர். இது எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள்? ஏன் அப்போது தொடங்கியது? இதனால் உங்களுக்கு என்ன தொல்லைகள் நேர்ந்தன? இதைப் பற்றி நீங்கள் மிகவும் அஞ்சுவது எது? மிக எளிய கேள்விகள் இவை. ஆயினும் மைசின் போன்ற ஓர் அமைப்பின் விதிகளுள் இவற்றுக்கு இடமே இல்லை. மைசின் கேள்வி கேட்டது மருத்துவரிடம். நோயாளியின் பெயர், வயது, பாலினம், சோதனை முடிவுகள் ஆகியவை மருத்துவரின் விரல்வழியே அதனிடம் சென்றன. நோயுற்றவர் அந்த உரையாடலில் பேசப்படும் பொருளாக இருந்தாரேயன்றிப் பேசுபவராக இல்லை.

3. ஆய்வுக்கூடத்தில் ஒரு மானிடவியலர்

இந்த இரு நீரோட்டங்களும் ஒருவரிடத்தில் கலந்தன. அவர் டயானா ஃபோர்சைத்.

அவருடைய தந்தை ஜார்ஜ் ஃபோர்சைத், ஸ்டான்ஃபோர்டில் 1965இல் கணினியியல் துறையை நிறுவியவர். தாய் அலெக்சாண்ட்ராவும் கணினிக் கல்வியில் பெயர் பெற்றவர். அந்த வீட்டில் வளர்ந்த மகள், கணினியியலைத் தேர்ந்தெடுக்காமல் மானிடவியலைத் தேர்ந்தெடுத்தார். ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவுகளில் களப்பணி செய்தார். பின்னர், 1980களின் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடங்களையே தம் களமாக்கிக்கொண்டார். ஒரு மானிடவியலர் ஒரு கிராமத்தில் எப்படித் தங்குவாரோ அப்படியே அவர் கணினியியலரிடையே தங்கினார். அவர்களின் கூட்டங்களில் அமர்ந்தார், பேச்சைக் குறிப்பெடுத்தார், ‘அறிவு’ என்று அவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்று கவனித்தார்.

அவர் கண்டவற்றுள் இரண்டு நமக்கு இன்றியமையாதவை.

முதலாவது, ‘வேலை’ என்ற சொல்லைப் பற்றியது. ‘நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?’ என்று ஆய்வாளர்களிடம் கேட்டால், நிரல் எழுதுவதையும் சிக்கல்களைத் தீர்ப்பதையும் சொன்னார்கள். ஆனால் அவர் நேரில் பார்த்த நாள்கள் வேறு விதமாக இருந்தன. கூட்டங்கள், மாணவர்க்கு வழிகாட்டல், கடிதங்கள், தொலைபேசி உரையாடல்கள், ஒருவரோடொருவர் கலந்து பேசுதல் ஆகியவற்றில் அவர்களின் பொழுது பெரிதும் கழிந்தது. இவற்றை அவர்கள் ‘உண்மையான வேலை’ என்று கருதவில்லை. ஆகவே அவை அவர்கள் கண்ணுக்கே தெரியவில்லை.

இரண்டாவது, ‘அறிவு’ பற்றியது. அறிவு என்பது வல்லுநரின் மண்டைக்குள் ஒரு கனிமம்போல் கிடக்கிறது, அதைத் தோண்டி எடுத்து விதிகளாக அடுக்கிவிடலாம் என்பது அறிவுப் பொறியியலரின் எண்ணம். பெரும்பாலும் ஒரே ஒரு வல்லுநரை அழைத்து நேர்காணல் செய்வதே அவர்களின் முறை. ஃபோர்சைத் இதை மறுத்தார். ஒரு மனிதர் தாம் செய்வதாகச் சொல்வதும் உண்மையில் செய்வதும் ஒன்றல்ல என்பது மானிடவியலின் முதற்பாடம். பழகிப்போன அறிவு சொல்லில் வராது. செவிலியரிடம், நோயாளியிடம், ஒருவர்க்கொருவர் பேசும் பழக்கத்தில் அது பரவிக் கிடக்கிறது. வல்லுநர் ஒருவரை அறைக்குள் அமர்த்திக் கேட்டால் கிடைப்பது அவ்வறிவின் ஒரு பகுதியே.

தம் வேலையிலேயே பாதியைக் காணாதவர்கள், பிறர் வேலையைக் கணினியில் வடிக்கும்போதும் அதே பாதியை விட்டுவிடுவார்கள். ஃபோர்சைத்தின் இரு கண்டறிதல்களும் இந்த இடத்தில் இணைகின்றன.

4. கேட்கப்படாத கேள்வி

1990களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஒரு புதிய திட்டம் உருவானது. மைசின் காலத்திலிருந்து இத்துறையில் உழைத்த புரூஸ் புக்கானன் அதில் முதன்மையானவர். ஒற்றைத் தலைவலியால் துன்புறுவோர்க்குத் தம் நோயைப் பற்றி விளக்கம் தரும் கணினி ஒன்றை அமைப்பதே நோக்கம். நோயாளி கணினியின் கேள்விகளுக்கு விடையளிப்பார். அதன் சுருக்கம் மருத்துவருக்குப் போகும். பின்னர் அந்நோயாளிக்கென அமைந்த விளக்கத்தைக் கணினி தரும். இம்முறை கணினி நோயாளியோடு நேரடியாகப் பேசப்போகிறது. ஃபோர்சைத்தும் அக்குழுவில் தொடக்கத்திலிருந்தே இடம்பெற்றார். மானிடவியல், மருத்துவம், கணினியியல் ஆகிய மூன்றும் ஒரே மேசையில் அமர்ந்த அரிய தருணம் அது.

நரம்பியல் மருத்துவர்கள் நோயாளிகளைச் சந்திக்கும் அறைகளில் களப்பணி நடந்தது. அங்கே ஒரு செய்தி வெளிப்பட்டது. ஒற்றைத் தலைவலிக்காரர்கள் பலரின் உள்ளத்தில் ஓர் அச்சம் இருந்தது: இது மூளையில் கட்டியோ? நான் சாகப்போகிறேனோ? தலை பிளந்துவிடும்போல் வலிக்கும் ஒருவருக்கு இந்த எண்ணம் வருவது இயல்பு. ஆனால் அவர்கள் அதை மருத்துவரிடம் வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்க வெட்கம், கேட்டால் வரும் விடையைப் பற்றிய பயம். மருத்துவருக்கோ அது ஒற்றைத் தலைவலி என்பது தெளிவு. ஆதலால் கட்டியைப் பற்றிப் பேசும் தேவை அவருக்குத் தோன்றவில்லை.

மருத்துவரை மட்டும் நேர்காணல் செய்து கணினியை அமைத்தால் என்ன ஆகும்? நோயாளி அறிய விரும்புவார் என்று மருத்துவர் நினைப்பவற்றையே கணினி விளக்கும். மருந்தின் பெயர், பக்கவிளைவு, தூண்டும் உணவுகள் ஆகியவை தெளிவாக வரும். நோயாளியின் நெஞ்சில் உள்ள முதற்கேள்விக்கு விடை வராது. கணினி நோயாளியிடம் பேசும். ஆனால் பேசுவது மருத்துவரின் குரலாகவே இருக்கும்.

மானிடவியலர் உடனிருந்ததால் திட்டம் முற்றிலும் திருந்தியது என்று சொல்ல முடிந்தால் மகிழ்ச்சியாக இருக்கும். வரலாறு அப்படி முடியவில்லை. 1996இல் ஃபோர்சைத் இத்திட்டத்தைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பே புதிய குடுவையில் பழைய மதுவைப் பற்றியது. களத்தில் கிடைத்த செய்திகள் பல, வடிவமைப்பாளரின் கையில் மருத்துவப் பார்வைக்கு ஏற்பவே வடிகட்டப்பட்டன என்று தம் குழுவின் பணியையே அவர் நேர்மையோடு ஆராய்ந்தார். அவர்களிடம் தீய நோக்கம் எதுவும் இல்லை. மருத்துவருக்குத் தெரிந்ததே அறிவு, நோயாளிக்குத் தெரிந்தது வெறும் கருத்து என்ற நம்பிக்கை, யாரும் கவனிக்காமலேயே நிரலுக்குள் புகுந்துவிட்டது.

கணினியியலர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். களப்பணி மெதுவானது. ஒரு சில மனிதரிடம் நெடுங்காலம் கேட்டறிந்ததை ஆயிரக்கணக்கானோர்க்கான நிரலாக மாற்றுவது எளிதன்று. நிரலுக்குத் தெளிவான விதி வேண்டும். மானிடவியலரோ ‘அது சூழலைப் பொறுத்தது’ என்கிறார். இந்த இழுபறி இன்றும் தீரவில்லை. ஆனால் அது தீராததாலேயே அக்கேள்வியை மறந்துவிடலாகாது.

1997இல் அலாஸ்காவில் மலைநடைப் பயணத்தின்போது நேர்ந்த விபத்தில் டயானா ஃபோர்சைத் மறைந்தார். அவருடைய கட்டுரைகள் தொகுக்கப்பட்டு 2001இல் நூலாக வெளிவந்தன.

5. உடனிருப்பவரின் அறை

அதன்பின் கணினியின் இயல்பே மாறியது. வல்லுநரிடம் கேட்டு விதி எழுதும் முறை பின்தங்கியது. பெருந்திரளான தரவுகளைக் காட்டி, கணினியே வடிவங்களைக் கற்றுக்கொள்ளும் முறை முன்னே வந்தது. இனி நேர்காணலும் வேண்டாம், களப்பணியும் வேண்டாம், தரவே பேசும் என்று தோன்றியது.

2016இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு மைல்கல். நீரிழிவால் விழித்திரையில் நேரும் பாதிப்பைப் படத்தைப் பார்த்தே கண்டறியும் கணினியை அவர்கள் உருவாக்கினர். அதைப் பயிற்றுவிக்க 128,175 விழித்திரைப் படங்கள் பயன்பட்டன. அமெரிக்காவிலிருந்தும், இந்தியாவின் மூன்று கண் மருத்துவமனைகளிலிருந்தும் அவை பெறப்பட்டன. அம்மூன்றுள் தமிழ்நாட்டின் அரவிந்த் கண் மருத்துவமனையும் சங்கர நேத்ராலயாவும் அடங்கும். தமிழ் பேசும் எத்தனையோ நோயாளிகளின் கண்கள் அக்கணினிக்கு ஆசிரியராக இருந்திருக்கும். அடுத்த ஆண்டே சிங்கப்பூர் ஆய்வாளர்கள், சீனர், மலாய்க்காரர், இந்தியர் எனப் பல இனத்தவரின் விழித்திரைப் படங்களில் சோதிக்கப்பட்ட தங்கள் முறையை வெளியிட்டனர். ஓரினத்தவரிடம் கற்றது மற்றோரினத்தவர்க்குப் பொருந்துமா என்ற கேள்வியை அவர்கள் முன்வைத்தே தொடங்கினர் என்பது பாராட்டத்தக்கது.

கூகுளின் முறை ஆய்வுக்கூடத்தில் வல்லுநர்க்கு நிகரான துல்லியம் காட்டியது. பின்னர் அது தாய்லாந்துக்குச் சென்றது. அப்போது அங்கே நீரிழிவு நோயாளிகள் ஏறத்தாழ 45 லட்சம் பேர் இருந்தனர். விழித்திரை வல்லுநர்களோ ஏறத்தாழ 200 பேர். மருந்தகச் செவிலியர் படமெடுத்து அனுப்பினால், வல்லுநரின் விடை வர 10 வாரம் வரைகூட ஆகும். கணினி உடனடியாக விடை தரும். இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

இம்முறை, மைசினுக்குச் செய்யாததைச் செய்தார்கள். 2018 நவம்பர் முதல் 2019 ஆகஸ்டு வரை, பதும் தானி, சியாங் மாய் ஆகிய மாநிலங்களில் உள்ள 11 மருந்தகங்களுக்கு ஆய்வாளர்கள் நேரில் சென்றனர். செவிலியரின் பணியைப் பார்த்தனர், அவர்களோடு பேசினர். முறையால் அது மானிடவியலின் களப்பணியே.

அவர்கள் கண்டது என்ன? படம் தெளிவாக இருந்தால்தான் கணினி கணிக்கும். சற்று மங்கலானாலும் மறுத்துவிடும். விழித்திரையைப் படமெடுக்க இருட்டறை வேண்டும். பல மருந்தகங்களில் அதற்கெனத் தனி அறையில்லை. பிற பணிகள் நடக்கும் வெளிச்சமான அறையிலேயே படமெடுத்தனர். முதல் ஆறு மாதங்களில் எடுத்த 1,838 படங்களுள் 21 விழுக்காட்டைக் கணினி ஏற்கவில்லை. ஏற்காதபோது, நோயாளி வேறொரு நாள் வல்லுநரிடம் செல்ல வேண்டும். அது தொலைவான மருத்துவமனை. அன்றைய கூலி போகும். வண்டிக்குப் பணம் வேண்டும். இணையம் மெதுவான இடங்களில் ஒவ்வொரு படமும் சென்றுசேர ஒரு நிமிடத்துக்கும் மேலானது. வெளியே வரிசை நீண்டது. இந்தத் தொல்லைகளை எண்ணி, ‘இதில் சேராமலிருப்பதே நல்லது’ என்று நோயாளிகளிடம் சொன்ன செவிலியரும் உண்டு.

கணினியின் கணிப்புத் திறனில் எவரும் குறை காணவில்லை. குறை, குறள் சொல்லும் நான்காம் கூற்றை எண்ணாததில் இருந்தது. உடனிருந்து பணிபுரிபவரின் அறை, அவருடைய விளக்கு, அவருடைய வரிசை, நோயாளிமீது அவருக்கிருந்த இரக்கம் ஆகியவை 128,175 படங்களில் எதிலும் பதிவாகவில்லை.

6. எண்ணுக்குள் மறைந்தவர்

இன்னொரு நிகழ்வையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். அமெரிக்க மருத்துவ அமைப்புகளில், கூடுதல் கவனிப்புத் தேவைப்படும் நோயாளிகளைத் தெரிந்தெடுக்க ஒரு கணினி முறை பரவலாகப் பயன்பட்டது. 2019இல் ஸியாத் ஓபர்மையரும் அவருடன் பணியாற்றியோரும் அதை ஆராய்ந்தனர். ஒரே மதிப்பெண் பெற்ற வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் ஒப்பிட்டால், கறுப்பினத்தவரே மிகுந்த நோயுற்றவராக இருந்தனர்.

காரணம் எளிது. ‘யார் மிகவும் நோயுற்றவர்?’ என்பதை நேரடியாக அளக்க முடியாததால், ‘யாருக்கு மருத்துவச் செலவு மிகுதி?’ என்பதைக் கணினி அளந்தது. வறுமையாலும் பாகுபாட்டாலும் மருத்துவரை நாட இயலாதவருக்குச் செலவு குறைவு. செலவு குறைவாக இருந்ததால் கணினி அவரை நலமானவர் என்று எண்ணிக்கொண்டது. இந்தச் சாய்வை நீக்கினால், கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாகும் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 விழுக்காட்டிலிருந்து 46.5 விழுக்காடாக உயரும் என்று அவ்வாய்வு காட்டியது.

தரவு தானாகப் பேசுவதில்லை. யார் மருத்துவமனைக்கு வந்தார், யார் வரவில்லை, வந்தவர் சொன்னதில் எது எழுதப்பட்டது என்பவை முடிவான பின்னரே அது தரவாகிறது. வராதவரையும் சொல்லப்படாததையும் தேடிச் செல்வதுதான் மானிடவியலின் தொழில்.

முடிவுரை: தமிழ் வகுப்பறைக்கு ஒரு செய்தி

மொழியைக் கற்பிப்போரும் கற்போரும் கூடும் அவையில் இவ்வரலாற்றை ஏன் சொல்ல வேண்டும்? நோவு என்பது மொழியில் வாழ்வது. ஆதலால் சொல்ல வேண்டும்.

தமிழில் வலிக்கு எத்தனை சொற்கள்! பல் குடைகிறது, கண் எரிகிறது, கால் உளைகிறது, விரல் விண்விண் என்று தெறிக்கிறது, முதுகு பிடித்துக்கொள்கிறது, நெஞ்சு அடைக்கிறது, தலை கனக்கிறது, வயிறு முறுக்குகிறது. இவை ஒன்றுக்கொன்று மாற்றாக வழங்கும் சொற்கள் அல்ல. ஒவ்வொன்றும் உடலின் வேறொரு நிலையைச் சுட்டுகிறது. சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ ஒரு பாட்டி இவற்றுள் ஒன்றைச் சொல்கிறார் என்று கொள்வோம். பக்கத்தில் நிற்கும் பேரன் அதை ஆங்கிலத்திலோ மலாயிலோ மருத்துவரிடம் ‘வலி’ என்ற ஒரே சொல்லாக மாற்றுகிறான். மருத்துவர் அதை இன்னும் சுருக்கிக் கணினியில் பதிகிறார். நாளை ஒரு கணினி அந்தப் பதிவிலிருந்து கற்றுக்கொள்ளும். பாட்டியின் சொல் மூன்று படிகளில் தேய்ந்து, கணினியைச் சென்றடையும்போது உளைச்சலும் குடைச்சலும் இல்லாமற் போகின்றன.

இந்தச் சங்கிலியில் பேரன் யார்? அவனே குறள் சொல்லும் நான்காம் கூறு, உடனிருந்து பணிபுரிபவன். அவனுக்குத் தமிழ் தெரிந்திருந்தால், ‘பாட்டி வலி என்று சொல்லவில்லை, நெஞ்சை அடைக்கிறது என்று சொல்கிறார்’ என்று மருத்துவரிடம் எடுத்துரைப்பான். அந்த வேறுபாடு ஓர் உயிரின் வேறுபாடாகவும் இருக்கக்கூடும். தமிழ்க் கல்வி இலக்கியத்தைக் காக்கிறது, பண்பாட்டைக் காக்கிறது என்று பலகாலம் பேசியிருக்கிறோம். வீட்டில் நோயுற்றுக் கிடக்கும் ஒருவரின் பேச்சையும் அது காக்கிறது என்பதைச் சேர்த்துச் சொல்லலாம்.

ஆசிரியர்களுக்கு ஒரு சிறு வேண்டுகோள். மாணவர்களைத் தம் வீட்டு மூத்தவரிடம் அனுப்பி, உடல்நோவைக் குறிக்க அவர்கள் வழங்கும் சொற்களைக் கேட்டு எழுதிவரச் செய்யுங்கள். எந்த உறுப்புக்கு எந்தச் சொல், எந்தச் சொல் எப்போது வரும், அதைச் சொல்லும்போது முகம் எப்படி மாறுகிறது என்பவற்றையும் குறிக்கச் சொல்லுங்கள். அது மொழிப்பயிற்சி. அதுவே மானிடவியலின் களப்பணியும்கூட.

மாணவர்களுக்கும் ஒன்று. உங்களுள் சிலர் மருத்துவராவீர்கள், சிலர் கணினித் துறைக்குச் செல்வீர்கள். நாளை ஒரு கணினியை அமைக்க அமரும்போது, முதலில் நோயுற்றவரின் அருகே சென்று உட்காருங்கள். செவிலியர் பணிபுரியும் அறையில் ஒரு நாள் முழுவதும் நில்லுங்கள். ‘இதைப் பற்றி நீங்கள் மிகவும் அஞ்சுவது எது?’ என்று கேளுங்கள். அவர் சொல்லும் மொழியில் கேளுங்கள். நிரலை அதன்பின் எழுதலாம்.